ஏழுவரி ஆமை வராத கரை

(சிங்கப்பூரில் ஒரு நூலக அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் என் பேச்சுக்கு 'வெளிநாட்டில் தொண்டாற்றும் இளையர்கள்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் கேட்டார்: "மலேசியா ஒரு வெளிநாடா? மளிகை வாங்க வாரா வாரம் போகிற இடம்தானே!" அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் பாலத்தைத் தாண்டி ஜொகூர் பாருவோடு திரும்பிவிடுகிற நமக்கு, ஒரு ராத்திரி முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்து போனால் வரும் திரெங்கானு மாநிலம் வேறு நாடுதான். பேச்சு வேறு, சாப்பாடு வேறு, வெள்ளிக்கிழமை விடுமுறை.

தொழில்நுட்பக் கல்லூரியில் நான் பாடம் நடத்திய காலத்தில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளை நான்கு முறை அங்கே ரெடாங் தீவுக்குக் கூட்டிப் போனேன். தீவின் வடபகுதியில் சாகார் ஹூத்தாங் என்றொரு சிறிய கடற்கரை. மலேசிய திரெங்கானு பல்கலைக்கழகத்தின் கடலாமை ஆய்வுக்குழு 1993 முதல் அங்கே வேலை செய்கிறது. முட்டையிடும் பருவத்தில் தொண்டூழியர்களைச் சிறு சிறு குழுவாகச் சேர்த்துக்கொள்வார்கள். அதற்குக் கட்டணம் உண்டு. பெற்றோர் கூட்டத்தில் ஓர் அப்பா எழுந்து, "காசும் கட்டணும், வேலையும் செய்யணுமா மிஸ்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உண்மையைச் சொன்னால், கைப்பேசியைத் தவிர வேறு கருவி பிடித்துப் பழகாத நம் பிள்ளைகளின் உழைப்பைவிட அந்தக் கட்டணம்தான் அவர்களுக்கு அதிக உதவி. இதைப் புரிந்துகொண்டு போகிறவர்களுக்கு அங்கே ஏமாற்றம் இருக்காது.

எங்கள் பிள்ளைகள் அப்படிப் போகவில்லை. முதல் முறை போனபோது நிதி திரட்ட ஒரு பதாகை செய்தார்கள்: 'ஆமைகளைக் காப்பாற்றப் போகிறோம்!' அந்த வாசகத்துக்கு நானும்தான் தலையாட்டினேன்.

போய் இறங்கிய முதல் ராத்திரியே சட்டங்களைச் சொல்லிவிட்டார்கள். வெள்ளை விளக்கு கூடாது, சிவப்பு விளக்கு மட்டும், அதையும் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். ஆமை கரையேறும்போது யாரும் அசையக் கூடாது. அங்கே வரும் பேராமை, அதாவது பச்சைக் கடலாமை, தண்ணீரிலிருந்து வெளியே வந்து, நின்று, மூச்சு விட்டு, நாலடி நகர்ந்து, மறுபடி நிற்கும். அந்த மூச்சுச் சத்தம் இருட்டில் ஓர் ஆள் பக்கத்தில் பெருமூச்சு விடுவதுபோல இருக்கும். இந்த நேரத்தில் அதற்குச் சந்தேகம் வந்தால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும்.

மூன்றாம் ராத்திரி அதுதான் நடந்தது. எங்கள் பையன் ஒருவனுடைய கைப்பேசி ஃபிளாஷ் பளிச்சென்று அடித்தது. அவன் வேண்டுமென்று செய்யவில்லை, அணைக்க மறந்துவிட்டான். பாதி மணலேறியிருந்த ஆமை அப்படியே வளைந்து திரும்பி இறங்கிப் போய்விட்டது. யாரும் அவனைத் திட்டவில்லை. அங்கே பணியில் இருந்த ஆய்வு மாணவி குறிப்பேட்டில் நேரத்தை எழுதி, 'கரையேறியது, முட்டையிடவில்லை' என்று ஒரு வரி சேர்த்துவிட்டு அடுத்த சுற்றுக்கு நடந்தாள். அந்த ஒரு வரி அவனுக்குப் போதுமானதாக இருந்தது. நானாக இருந்தால் அரை மணி நேரம் பேசியிருப்பேன்.

ஆமை குழி தோண்டத் தொடங்கிவிட்டால் கதை வேறு. முன்துடுப்புகளால் மணலை வாரி இறைத்து உடம்புக்குப் பள்ளம் போடும். பிறகு பின்துடுப்புகளைக் கரண்டிபோல வளைத்து, ஒன்று மாற்றி ஒன்றாக, முட்டைக்கான குழியைத் தோண்டும். தன் பின்பக்கம் என்ன நடக்கிறது என்று அதற்குத் தெரியாது, பார்க்கவும் முடியாது. ஆனாலும் குழி பானைபோல நேர்த்தியாக வரும். நூறு முட்டைக்குக் கிட்டத்தட்ட விழும். அந்தச் சமயத்தில்தான் ஓட்டின் நீளத்தை அளக்கலாம், துடுப்பில் உலோக அடையாள வில்லை இருக்கிறதா என்று தேடலாம். கண்ணிலிருந்து நீர் வழிவதைப் பார்த்துப் பிள்ளைகள் "அழுகிறது மிஸ்" என்பார்கள். அது உப்பை வெளியேற்றும் சுரப்பி. இதைச் சொன்ன பிறகும் அழுகிறது என்றுதான் வீட்டில் போய்ச் சொல்வார்கள். சரி, சொல்லட்டும்.

பகலில் வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. சமையல், பாத்திரம் கழுவுவது, கரையில் ஒதுங்கிய நெகிழிக் குப்பை பொறுக்குவது. அப்புறம், குஞ்சுகள் வெளியேறிய கூடுகளைத் தோண்டி எண்ணுவது. இதை எந்த விளம்பரப் படத்திலும் காட்ட மாட்டார்கள். பொரிந்த ஓடு எத்தனை, பொரியாத முட்டை எத்தனை, பாதி வளர்ந்து செத்தது எத்தனை என்று கையால் பிரித்து வைக்க வேண்டும். அழுகிய முட்டையின் நாற்றம் இரண்டு நாள் விரலை விட்டுப் போகாது. வாந்தி எடுத்தவர்கள் உண்டு. ஃபிளாஷ் அடித்த பையன் இந்த வேலைக்குத் தினமும் தானாகக் கை தூக்கினான்.

மீதிப் பொழுதில் கூட்டிப் போகாமலே காட்டு விலங்குகள் நம்மிடம் வந்துவிடும். கூடு எங்கே இருக்கிறது என்று மோப்பம் பிடித்தபடி உடும்புகள் ஏதோ நில அளவைக்காரர்கள்போலக் கரையை அளந்துகொண்டு நடக்கும். மணல் நிற நண்டுகள் குஞ்சுகளுக்காக வளைக்குள் காத்திருக்கும். கணுக்கால் தண்ணீரில் நின்றால், முதுகுத் துடுப்பின் நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் நம்மைச் சுற்றிக்கொண்டு போகும். எங்கள் மாணவி ஒருத்தி நண்டை விரட்டப் போனாள். அங்கிருந்த பணியாளர் சிரித்துக்கொண்டே, நண்டுக்கும் பசிக்கும் என்றார். உடும்புக்குக் கூட்டின் மேல் வலை போடுகிறார்களே, நண்டை மட்டும் ஏன் விட வேண்டும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். நல்ல கேள்வி. எங்கே தலையிடுவது, எங்கே விடுவது என்று ஒவ்வொரு பருவமும் அவர்களே தங்களுக்குள் விவாதிக்கிறார்கள் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

இப்போது சந்தைக் கதைக்கு வருகிறேன். இரண்டாம் முறை போனபோது, ஊர் திரும்பும் வழியில் கோலத் திரெங்கானுவில் பாசார் பாயாங் சந்தைக்குப் போனோம். காய்கறிக்கும் கருவாட்டுக்கும் நடுவே, மேஜைப்பந்து மாதிரி வெள்ளை வெளேரென்று ஆமை முட்டைகள் விற்பனைக்கு இருந்தன. அந்தக் காலத்தில் அது சட்டப்படியே நடந்த வியாபாரம். ஏழுவரி ஆமையின் முட்டைக்கு மட்டும்தான் தடை இருந்தது. எல்லா ஆமை முட்டைகளின் விற்பனைக்கும் மாநிலம் தடை போட்டது 2022-ல்தான். பிள்ளைகள் கூடிப் பேசினார்கள். ஒருத்தி என்னிடம் வந்து, "மிஸ், எல்லாரும் காசு போட்டு மொத்தத்தையும் வாங்கிடலாம். திரும்பப் போய் மணலில் புதைச்சிடலாம்" என்றாள். கண்ணில் நீர். எனக்கும் ஒரு நிமிடம் சரி என்றுதான் பட்டது.

ஆனால் அவளே ஒரு வாரமாகக் கூடுகளை இடம் மாற்றியவள். இட்ட சில மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும், முட்டையை உருட்டவே கூடாது என்று அவளுக்குச் சொல்லியிருந்தார்கள். உள்ளே கரு ஓட்டின் மேற்பக்கமாக ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு புரட்டினால் செத்துவிடும். சந்தை முட்டை எத்தனை கூடையில் உருண்டு வந்ததோ! புதைத்தால் அழுகும். நாங்கள் கொடுக்கும் காசில், நாளைக்கு இன்னும் இரண்டு கூடை வந்திறங்கும். இதை நான் விளக்கவில்லை. பேசிக்கொண்டே வந்தவள் பாதி வாக்கியத்தில் தானே நிறுத்திவிட்டாள்.

அவளுக்கு வந்தது போன்ற நல்ல எண்ணம் திரெங்கானு கடற்கரையில் இதற்கு முன்னும் தோற்றிருக்கிறது. ரெடாங்குக்குத் தெற்கே, பெருநிலத்தில் ரந்தாவ் அபாங். ஏழுவரி ஆமை கூட்டம் கூட்டமாக முட்டையிட வந்த, உலகம் அறிந்த கரை. முதுகில் நீளவாக்கில் ஏழு வரம்பு இருப்பதால் நாம் அதை ஏழுவரி ஆமை என்கிறோம். மலாய்க்காரர்கள் அந்த வரம்புகளைப் பார்த்துவிட்டு 'பெஞ்யு பெலிம்பிங்' என்றார்கள், நட்சத்திரப்பழ ஆமை. நாம் எண்ணினோம், அவர்கள் பழத்தைப் பார்த்தார்கள். திரெங்கானுவில் 1956-ல் இந்த ஆமையின் கூடுகள் 10,155. 1995-ல் 37. இந்தக் கணக்கைத் தொகுத்து எழுதியவர்கள், சாகார் ஹூத்தாங்கில் நாங்கள் பார்த்த வேலையைத் தொடங்கிய சான் எங் ஹெங்கும் லியூ ஹாக் சார்க்கும்.

தலைமுறை தலைமுறையாக ஏறக்குறைய எல்லா முட்டையையும் எடுத்துத் தின்றது ஒரு காரணம். வளர்ந்த ஆமைகள் மீன்பிடி வலைகளில் சிக்கி மூழ்கிச் செத்தது இன்னொன்று. அதோடு நிற்கவில்லை. 1960களிலிருந்தே ஆமைகளைக் காப்பாற்ற நினைத்தவர்கள் பொரிப்பகம் வைத்து, முட்டைகளை விலைக்கு வாங்கிப் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விட்டார்கள். ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடு தீர்மானிக்கிறது. 29 பாகை செல்சியஸை ஒட்டி இருந்தால் இரண்டும் கலந்து வரும், அதற்கு மேலே போகப் போகப் பெண் மட்டும். பின்னால் ஆராய்ந்தபோது, அந்தப் பொரிப்பகத்தின் சூட்டில் ஏழுவரி ஆமைக் குஞ்சுகள் எல்லாமே பெண்ணாகப் பிறந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. பாடுபட்டு வளர்த்து அனுப்பியது ஆணில்லாத ஒரு தலைமுறையை. அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அப்போது அது யாருக்கும் தெரியாது. எங்கள் பதாகையை நினைத்தால்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்த முறை பதாகை செய்யவில்லை.

சென்னைக்கு விடுமுறையில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, 1988 முதல், மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழு பருவ காலத்தில் ராத்திரி நடக்கிறது. அங்கே வருவது பங்குனி ஆமை. அதற்கு ராத்திரிப் பேருந்து வேண்டாம். உறவினர் வீட்டில் தொலைக்காட்சி பார்ப்பதைவிட நல்ல பொழுது.

கடைசி முறை தீவிலிருந்து திரும்பும்போது எங்கள் படகை ஓட்டியவர் வயதானவர். பிள்ளைகள் 'பாக் சிக், பாக் சிக்' என்று, மலாயில் மாமா என்று கூப்பிட்டு, அவரிடம் ஒட்டிக்கொண்டார்கள். அவருக்குச் சொந்த ஊர் ரந்தாவ் அபாங் பக்கம். சிறு வயதில் அப்பாவோடு முட்டை எடுக்கப் போனவர், அதை மறைக்கவும் இல்லை. அந்த முட்டை விற்ற காசில்தான் பள்ளிக்கூடச் சட்டை வாங்கினார்களாம். மலாய் தெரிந்த ஒருவன் கேட்டான், பெலிம்பிங் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று. அவர் விசையைப் பக்கத்துப் பையனிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். படகின் மூக்குப் பக்கம் போய் ஒரு காலை ஊன்றினார். அங்கிருந்து எங்கள் பைகளைத் தாண்டி, எங்கள் கால்களைத் தாண்டி, பலகை மேல் மெதுவாக அடி வைத்து நடந்து வந்து, எனக்குப் பக்கத்தில் நின்றார்.

"இதுவரைக்கும்" என்றார்.