பெட்டியில் 300 வாட், பாட்டுக்கு எத்தனை வாட்?

நேயர்களுக்கு வணக்கம்.

காரோடு வந்த ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு நல்லதாக ஒரு ஜோடி மாட்டலாம் என்று கடைக்குப் போகிறீர்கள். முதலில் கண்ணில் படுவது பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் 300 வாட். அது பீக் பவர், ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்குத் தாங்கும் அளவு. பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் பாருங்கள். ஆர்எம்எஸ் 75 வாட் என்று இருக்கும். விடாமல் பாடினால் தாங்குவது அவ்வளவுதான். ஆம்ப்ளிஃபயர் வாங்கவும் அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டீரியோவிலும் இதே கதைதான். '50 வாட், 4 சேனல்' என்று முகப்பிலேயே அச்சடித்திருப்பார்கள். என்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது சுமார் 14 வோல்ட். அதை வைத்து 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமான ஒலியாக 25 வாட்டுக்கு மேல் தர வழியே இல்லை. நடைமுறையில் 20 வந்தாலே பெரிது. தனி ஆம்ப்ளிஃபயருக்குள் வோல்ட்டை உயர்த்தித் தரும் சப்ளை இருப்பதால்தான் அது 75, 100 என்று கொடுக்கிறது.

சரி, 75 வாட் ஸ்பீக்கருக்கு எத்தனை வாட் ஆம்ப்? சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, 75 வாட் ஆர்எம்எஸ். 100 கிடைத்தாலும் தயங்காமல் வாங்கலாம். பெரிய ஆம்ப் ஸ்பீக்கரை எரித்துவிடும் என்று பயந்து 30 வாட்டில் நிற்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். நெடுஞ்சாலை இரைச்சலில் சத்தம் போதாமல் முழுக்கத் திருகுவார்கள். ஆம்ப் திணறி, ஒலி அலையின் உச்சியை வெட்டிவிடும். இதற்குக் கிளிப்பிங் என்று பெயர். முதலில் வெட்டுப்படுவது பேஸ். மேல் சுரங்களோ திருகத் திருக இன்னும் ஏறிக்கொண்டே போகும், போதாக்குறைக்கு வெட்டுப்பட்ட அலையிலிருந்து புதிதாகவும் முளைக்கும். அத்தனையும் போய்ச் சேருவது மேல் சுரங்களைப் பாடும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரில். தலைமுடி மாதிரி கம்பி சுற்றிய காயில் அது, சூட்டில் கருகிப்போகும். பேஸைப் பாடும் பெரிய ஸ்பீக்கரான 75 வாட் வூஃபருக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

வாட்டை இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்குக் கொஞ்சம் தெரியும், அவ்வளவே. அதனால் சென்சிட்டிவிட்டியையும், அதாவது அதே வாட்டுக்கு ஸ்பீக்கர் எவ்வளவு சத்தம் தருகிறது என்பதையும், பாருங்கள். 89 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 92 வாங்கினால், ஆம்ப்பை இரண்டு மடங்காக்கிய பலன் சும்மா கிடைக்கிறது. கடைக்காரர் இதைப் பெரும்பாலும் சொல்லமாட்டார்.

அப்புறம் கெயின். ஆம்ப்பில் இருக்கும் அந்தத் திருகை வால்யூம் என்று நினைத்து முழுக்கத் திருப்புகிறவர்கள் உண்டு. ஸ்டீரியோ தரும் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்தி வைப்பதற்குத்தான் அது. சரிபார்க்க ஒரு மல்டிமீட்டர் போதும். ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றுங்கள், பேஸ் பூஸ்டை அணையுங்கள், கெயினை அடிமட்டத்தில் வையுங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை ஓடவிட்டு ஸ்டீரியோ வால்யூமை முக்கால் பங்கில் நிறுத்துங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஆம்ப்பின் ஸ்பீக்கர் முனையில் பிடியுங்கள். 75 வாட், 4 ஓம்: பெருக்கினால் 300, அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 17. மீட்டர் 17 வோல்ட் காட்டும்வரை கெயினை மெல்ல ஏற்றுங்கள், அங்கேயே விட்டுவிடுங்கள். 100 வாட் ஆம்ப் என்றாலும் இந்த 17தான்.

கதவு ஸ்பீக்கர்களுக்கு ஹைபாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்துவிட்டால் கனமான பேஸ் அங்கே போகாது. அதைப் பார்த்துக்கொள்ள டிக்கியில் சப்வூஃபர் இருக்கிறது.

சப்வூஃபரில் மட்டும் ஓம் கணக்கை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். இரட்டைக் காயில், தலா 4 ஓம் என்றால், பேரலலில் இணைத்தால் 2 ஓம், சீரிஸில் 8 ஓம். அதே மாதிரி இரண்டு சப்வூஃபரையும் மொத்தமாகப் பேரலலில் கொடுத்தால் 1 ஓமுக்கு இறங்கிவிடும். ஓம் குறையக் குறைய ஆம்ப்புக்குச் சுமை கூடும்; 2 ஓமுக்குக் கீழே தாங்காது என்று எழுதியிருக்கும் ஆம்ப்பில் அப்படி மாட்டினால், வால்யூம் ஏறியதும் ப்ரொடெக்‌ஷன் விளக்கு எரிந்து பாட்டு நின்றுவிடும்.

நன்றி, வணக்கம்.