விதை பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க

நேயர்களுக்கு வணக்கம். புதுசா காய்கறித் தோட்டம் போடப் போறவங்க என்கிட்ட முதல்ல கேக்குறது எந்த சேனல் பார்க்கலாம், எந்த புக் வாங்கலாம்னுதான், நான் சொல்றது என்னன்னா, முதல்ல கையில இருக்குற விதை பாக்கெட்டைத் திருப்பிப் படிங்க.

எவ்வளவு ஆழத்துல விதைக்கணும், செடிக்குச் செடி எவ்வளவு இடைவெளி, எத்தனை நாள்ல அறுவடைன்னு அதுல பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. இதுல நாள் கணக்குதான் நிறைய பேரைக் குழப்புது. முள்ளங்கிக்கு 30 நாள்னா அது விதைச்ச நாள்ல இருந்து, ஆனா தக்காளிக்கு 70 நாள்னு இருந்தா அது பெரும்பாலும் நாத்தை எடுத்து நட்ட நாள்ல இருந்து, அதுக்கு முன்னாடி நாத்து வளரவே 4, 5 வாரம் ஆயிடும், இது தெரியாம ‘எனக்குக் கைராசி இல்ல’ன்னு செடியையே பிடுங்கிப் போட்டுடுறவங்க இருக்காங்க, அதைப் பார்த்தா எனக்கு மனசு கேக்காது.

பாக்கெட் பழசா? 10 விதையை ஈரத்துணியில சுருட்டி, காயாம ஒரு வாரம் பத்து நாள் வச்சுப் பாருங்க, 7, 8 முளைச்சா தாராளமா விதைக்கலாம், மூணு நாலுதான் முளைச்சுதுன்னா புது விதை வாங்கிடுங்க. வெங்காய விதைக்கு ஆயுசு கம்மி, ஒரு வருஷம் தாண்டினாலே முளைப்பு குறையும், தக்காளி விதை ஈரம் படாம இருந்தா 4 வருஷம்கூட தாங்கும்.

வீடியோ கண்டிப்பா பாருங்க, நாத்தை வேர் அறாம எப்படிப் பிரிக்கிறது, பக்கக் கிளையை எங்க கிள்ளுறதுங்கிற கைவேலையெல்லாம் கண்ணால பார்த்தாதான் புரியும். ஆனா எப்போ விதைக்கணும்ங்கிறதை மட்டும் அதை வச்சு முடிவு பண்ணாதீங்க, பனி கொட்டுற ஊர்ல இருந்து பேசுறவர் அவர் ஊர் சீசனைத்தான் சொல்லுவார். அதுக்கு உங்க பகுதி வேளாண் துறை போடுற விதைப்பு அட்டவணையைப் பாருங்க, இல்லன்னா பக்கத்துல தோட்டம் வச்சிருக்கிறவங்களைப் போய்க் கேளுங்க, ‘எப்படி வளர்க்கிறது’ன்னு பொதுவா கேக்காம, எந்த மாசம் விதைச்சீங்க, என்ன பூச்சி வந்துச்சுன்னு கேளுங்க.

புக் வாங்குறதா இருந்தா கடையிலயே இலை மஞ்சளாகுறதைப் பத்தின பக்கத்தைத் தேடிப் படிங்க. அடி இலை மஞ்சளானா பெரும்பாலும் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன் கம்மி, நரம்பு பச்சையா இருந்து கொழுந்து இலை மட்டும் மஞ்சளானா இரும்புச்சத்து கம்மி, தண்ணி தேங்கி வேர் அழுகினாலும் மஞ்சளாகும். இப்படிப் படத்தோட பிரிச்சுச் சொல்ற புக்கை வாங்குங்க, எல்லாத்துக்கும் உரம் போடுன்னு ஒரே வரியில முடிச்சிருந்தா வச்சுட்டு வந்துடுங்க.

நன்றி, வணக்கம்.