புதைமேட்டுக்குள் இருந்த அந்நியன்

அவையோருக்கு வணக்கம்.

தொலைக்காட்சித் தொடரையோ திரைப்படத்தையோ ஒட்டி எழுதப்படும் நாவல்களை இலக்கிய மேடைகளில் யாரும் பேச எடுத்துக்கொள்வதில்லை. அவை வணிகத் துணைப்பொருள்கள், விளம்பரத்தின் வால் என்று ஒதுக்கிவிடுகிறோம். நான் இன்று அப்படிப்பட்ட ஒரு நாவலுக்காக வாதாட வந்திருக்கிறேன். 1974ஆம் ஆண்டு பிரிட்டனில் டார்கெட் வரிசையில் சிறுவர்களுக்காக வெளிவந்த ஒரு சிறிய காகித அட்டைப் புத்தகம் அது. பெயர் ‘டாக்டர் ஹூ அண்ட் தி டீமன்ஸ்’. எழுதியவர் பேரி லெட்ஸ்.

‘டாக்டர் ஹூ’ என்பது, டாக்டர் என்று மட்டுமே அழைக்கப்படும் வேற்றுலகத்தவர் ஒருவர் காலத்திலும் விண்வெளியிலும் பயணம் செய்யும் பி.பி.சி. தொலைக்காட்சித் தொடர். இந்தக் கதை முதலில் அதில் 1971 மே, ஜூன் மாதங்களில் ஐந்து பகுதிகளாக ஒளிபரப்பானது. எழுதியவர் பெயர் கை லியோபால்ட் என்று திரையில் வந்தது. அப்படி ஒருவர் இல்லை. தொடரின் தயாரிப்பாளராக இருந்த லெட்ஸும், நாடகாசிரியர் ராபர்ட் ஸ்லோமனும் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர் அது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு லெட்ஸ் அதே கதையைத் தனியாக உட்கார்ந்து நாவலாக எழுதினார். யாரோ ஒரு கூலி எழுத்தாளர் அவசரத்தில் நிரப்பிக் கொடுத்த பக்கங்கள் அல்ல அவை.

கதை நடக்கும் ஊர் டெவில்ஸ் எண்ட் என்ற கற்பனைக் கிராமம். படப்பிடிப்பு நடந்த ஊர் உண்மையானது: தென் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள ஆல்ட்போர்ன். ஒரு பசும்புல் திடல், ஒரு பழைய தேவாலயம், ஒரு மதுக்கடை, ஊருக்கு வெளியே வெண்கலக் காலத்துப் புதைமேடுகள். கதை ஏப்ரல் கடைசி இரவில் தொடங்குகிறது. ஒரு தொல்லியல் பேராசிரியர் நள்ளிரவில், தொலைக்காட்சிக் கேமராக்களின் முன்னால், புதைமேட்டைத் திறக்கப்போகிறார். திறக்காதே என்று ஊரில் ஒரே ஒரு பெண் கத்துகிறார். மிஸ் ஹாதோர்ன் என்ற அவரை ஊர் கிறுக்கி என்கிறது. அவர் தன்னை நல்ல சூனியக்காரி என்று சொல்லிக்கொள்பவர். அவர் சொன்னதுதான் நடக்கிறது.

வேற்றுக்கிரகப் படையெடுப்பு என்றால் வானத்திலிருந்து எதுவோ இறங்கும் என்று எதிர்பார்க்கிறோம். 1898இல் ஹெச். ஜி. வெல்ஸ் தம் செவ்வாய் வாசிகளை வோக்கிங் நகரத்தை ஒட்டிய பொட்டல் வெளியில் இறக்கியதிலிருந்து அந்தப் பழக்கம் நம்மிடம் ஊறிவிட்டது. இங்கே அந்நியன் ஏற்கெனவே மண்ணுக்குள் இருக்கிறான். அஸால் என்ற அவன் டீமோஸ் கிரகத்தவன். ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அவனுடைய இனம் பூமிக்கு வந்து, மனித குலத்தை ஒரு சோதனைப் பொருளாக வைத்துக்கொண்டிருக்கிறது. ஊர் மக்கள் பேய் என்று பயந்ததும், சாத்தான் என்று கொம்பு வரைந்ததும் இவர்களைத்தான். மந்திரம் என்று நாம் சொல்வது மறக்கப்பட்ட ஓர் அறிவியலின் மிச்சம். கதையின் இந்த அடித்தளம் எனக்கு மிகவும் பிடித்தமானது. கிராமத்தின் நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று அது தள்ளவில்லை. அப்படியே விழுங்கவும் இல்லை. அதற்குக் காரணம் தேடுகிறது.

ஆனால் நான் இங்கே பேச விரும்பிய காட்சி அஸால் வரும் காட்சி அல்ல. ஊர்க் கூட்டம் நடக்கும் காட்சி.

பழைய பாதிரியார் காணாமல் போய்விட்டார். புதிதாக வந்திருப்பவர் உண்மையில் டாக்டரின் எதிரியான மாஸ்டர். அவனும் வேற்றுலகத்தவன். முழுப் படையும் கையில் இருப்பவனைப் போல அவன் நடந்துகொள்வதில்லை. ஊர் மக்களைக் கூட்டி உட்காரவைத்து, இனிமையாகப் பேசத் தொடங்குகிறான். பிறகு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து அவரவர் ரகசியத்தைத் தொடுகிறான். மளிகைக் கணக்கில் கூட்டி எழுதுகிறவர் யார், தபால் அலுவலகக் கணக்கு யாருக்கு நேராகவில்லை, எல்லாம் அவனுக்குத் தெரியும். எனக்குக் கீழ்ப்படியுங்கள், வேண்டியதெல்லாம் கிடைக்கும் என்கிறான். ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் மட்டும் எழுந்து மறுக்கிறார். தேவாலயத்துக் கல் பூதம் உயிர்பெற்று அவரை அந்த இடத்திலேயே இல்லாமல் ஆக்கிவிடுகிறது. மற்றவர்கள் தலை குனிகிறார்கள்.

ஒரு கிராமம் எப்படிப் பிடிபடுகிறது என்பதை இவ்வளவு துல்லியமாகச் சொன்ன சிறுவர் கதையை நான் வேறு படித்ததில்லை. பெருநகரத்தில் இது நடக்காது. அங்கே யாருக்கு யாரைத் தெரியும்? எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த இடத்தில்தான் ரகசியத்துக்கு விலை உண்டு. ஊரைச் சுற்றி ஒரு வெப்பத் திரை எழும்பி, ராணுவத்தை வெளியே நிறுத்திவிடுகிறது. அதற்குப் பிறகு உள்ளே இருப்பவர்களுக்கு அக்கம்பக்கத்தாரைத் தவிர யாருமில்லை. அந்த அக்கம்பக்கத்தார்தான் மே முதல் நாள் வசந்த விழாவின் நடனக் குழுவாக வந்து, சிரித்துக்கொண்டே டாக்டரைக் கம்பத்தில் கட்டுகிறார்கள். அவரைக் கொளுத்தவும் தயாராகிறார்கள். அஸாலைவிட எனக்கு அவர்களைக் கண்டுதான் அச்சம்.

இப்போது நாவல் என்ற வடிவத்துக்கு வருகிறேன். 1970களின் பிரிட்டனில் ஒரு தொடர் ஒளிபரப்பானால் அதோடு போயிற்று. வீட்டில் பதிவுக் கருவி வைத்திருந்தவர்கள் மிகக் குறைவு. மறு ஒளிபரப்பு அரிது. காந்த நாடா விலை அதிகம் என்பதால், பதிவானதை அழித்து அதிலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்தார்கள். 1960களின் ‘டாக்டர் ஹூ’ பகுதிகளில் பல இன்றுவரை கிடைக்கவில்லை. ‘தி டீமன்ஸ்’ கதையின் ஐந்து பகுதிகளில் நான்காவது மட்டுமே அசல் வண்ண நாடாவில் தப்பியது. மற்ற நான்கும் கறுப்பு வெள்ளைப் படச்சுருளாகவே எஞ்சின. அமெரிக்காவில் யாரோ வீட்டில் பதிவு செய்து வைத்திருந்த நாடாவிலிருந்து வண்ணத்தை எடுத்து, 1992இல்தான் அவற்றைச் சீர் செய்தார்கள்.

இடைப்பட்ட காலத்தில் இந்தக் கதை எங்கே இருந்தது? பள்ளிப் பிள்ளைகளின் பையில், நூலக அலமாரியில், கிறிஸ் அகிலியோஸ் வரைந்த அட்டைக்குள் இருந்தது. டெரன்ஸ் டிக்ஸ் என்ற ஒருவர் மட்டுமே இந்த வரிசையில் 60க்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். சிறு வாக்கியங்கள், நேரான நடை. அந்த நூல்களால்தான் வாசிக்கப் பழகினோம் என்று சொல்லும் ஒரு தலைமுறையே அங்கே உண்டு. அந்த உழைப்பைத் துணைப்பொருள் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

எழுத்துக்குச் செலவுக் கணக்கும் கிடையாது. தொலைக்காட்சியில் வெப்பத் திரையில் மோதி ஹெலிகாப்டர் வெடிக்க வேண்டியிருந்தது. பணம் இல்லாததால் 1963ஆம் ஆண்டு ஜேம்ஸ் பாண்ட் படத்திலிருந்து அந்த வெடிப்பைக் கடன் வாங்கி ஒட்டினார்கள். மே மாதக் கதைக்காக ஆல்ட்போர்ன் போனவர்கள் ஏப்ரலில் பனி பெய்து படப்பிடிப்பில் தவித்தார்கள். நாவலாசிரியருக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. அஸால் எழுந்து நிற்கும்போது படிக்கிற பிள்ளை எவ்வளவு உயரம் நினைக்கிறதோ அவ்வளவு உயரம்.

முடிவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டாக்டரைக் காப்பாற்ற அவருடன் பயணிக்கும் உதவியாளர் ஜோ கிராண்ட் தன்னைப் பலி கொடுக்க முன்வருகிறாள். பகுத்தறிவு மட்டுமே தெரிந்த அஸாலுக்கு அது புரியாமல், குழம்பி, தன்னையே அழித்துக்கொள்கிறான். ஒரு லட்சம் ஆண்டுகள் மனிதரைக் கவனித்தவன் தியாகத்தை ஒருமுறைகூடப் பார்த்ததில்லையா என்ற கேள்விக்குக் கதையில் பதில் இல்லை. அது ஒரு குறைதான். ஆனால் அதற்குச் சற்று முன்னால் ஓர் உரையாடல் வருகிறது. தன் ஆற்றலை டாக்டருக்கே தர அஸால் முன்வருகிறான். டாக்டர் மறுக்கிறார். நீங்கள் தந்த அறிவால் மனிதன் உலகையே வெடிக்க வைக்கும் நிலைக்கு வந்துவிட்டான், காற்றையும் நீரையும் நஞ்சாக்குகிறான், இனியாவது அவனைத் தானாக வளர விடுங்கள் என்பது அவர் வாதம். லெட்ஸ் பௌத்தத்தில் ஈடுபாடு கொண்டவர். கையில் வந்த அதிகாரத்தை ஒருவர் வேண்டாம் என்று சொல்லும் இந்த இடத்தில் அந்த மனம் தெரிகிறது.

2008இல் இந்த நாவல் ஒலிநூலாக வந்தது. வாசித்தவர் பேரி லெட்ஸேதான். மறு ஆண்டு அவர் மறைந்தார். ஆங்கிலம் கேட்டுப் பழகிய பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் அதைக் கேட்கச் சொல்லுங்கள். நேரம் இல்லை என்றால் ஊர்க் கூட்டம் வரும் பகுதியை மட்டுமாவது கேட்கச் சொல்லுங்கள்; அந்தக் கூட்டத்தில் யார் எழுந்து நின்றார், யார் உட்கார்ந்தே இருந்தார் என்று பிறகு அவர்களிடம் கேளுங்கள்.