விண்கல் உலகச் செய்தி ஆனது, கிணற்றுத் தண்ணீர் ஏன் ஆகவில்லை?

(காட்சி: வேலூரில் ஒரு டீக்கடை. காலை ஆறரை மணி. கயிற்றில் தொங்கும் நாளிதழ் போஸ்டர்கள். பெஞ்சில் ஒரே பேப்பரைப் பக்கம் பக்கமாகப் பிரித்துப் படிக்கும் நாலு பேர்.)

வணக்கம். 2016 பிப்ரவரி 6. நாட்றம்பள்ளி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் பெரிய வெடிச் சத்தம். தரையில் பள்ளம் விழுந்தது, ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின, பஸ் டிரைவர் ஒருவர் இறந்துபோனார். விழுந்தது விண்கல் என்று அன்றைய முதல்வர் ஜெயலலிதா அறிக்கை விட்டார். விண்கல் தாக்கி ஒரு மனிதர் இறப்பது என்பது கேள்விப்படாத விஷயம். அவ்வளவுதான், வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரைக்கும் அன்றைய வேலூர் மாவட்டத்தின் பெயர் போய்விட்டது. பிறகு நாசா விஞ்ஞானிகள் படங்களைப் பார்த்துவிட்டு, இது தரையில் நடந்த வெடிப்பு மாதிரிதான் தெரிகிறது என்றார்கள். ஆனாலும் இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் முதலில் ஞாபகம் வருவது விண்கல்தான்.

அதே நாட்றம்பள்ளியிலிருந்து கிழக்கே வாருங்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. பாலாற்றங்கரையிலும் அதைச் சுற்றியும் இருக்கும் தோல் பதனிடும் ஊர்கள். எங்கள் பாட்டி வீடு ஆம்பூருக்குப் பக்கத்தில். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் துவரம் பருப்பு வேகாது. எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் விரலால் நசுக்கினால் நடுவில் கல் மாதிரி நிற்கும். சமையலுக்கு மட்டும் பாட்டி தெருக்கோடிக் குழாயில் வரிசையில் நின்று இரண்டு குடம் பிடித்து வருவார். இது பல வருடம் நடந்தது. ஒரு நாள் கூட செய்தியில் வந்ததில்லை. ஏன் வரவில்லை? அதைப் புரிந்துகொள்ள ஒரு பத்திரிகை அலுவலகத்துக்குள் போக வேண்டும்.

(காட்சி: மாலை நான்கு மணி. கம்ப்யூட்டர் திரையில் மாவட்டப் பக்கத்தின் டம்மி, அதாவது எது எங்கே வரும் என்று காட்டும் வரைவு.)

பக்கத்தில் முதலில் இடம் பிடிப்பது விளம்பரம். நகைக்கடை, ஸ்கூல் அட்மிஷன், கண்ணீர் அஞ்சலி. மிச்சம் இருப்பதுதான் செய்திக்கு. அந்த மிச்சத்துக்காக குடியாத்தம், காட்பாடி, அணைக்கட்டு என்று ஒவ்வொரு ஊர் நிருபரும் அனுப்பிய செய்திகள் வரிசையில் நிற்கின்றன. அந்த நிருபர்களில் பலர் பகுதி நேரக்காரர்கள். காலையில் போலீஸ் ஸ்டேஷன், மத்தியானம் கலெக்டர் ஆபீஸ், நடுவில் ஒரு கட்சி ஆர்ப்பாட்டம், சாயங்காலத்துக்குள் எல்லாவற்றையும் அடித்து அனுப்ப வேண்டும்.

டெஸ்க்கில் உட்கார்ந்திருக்கும் உதவி ஆசிரியர் ஒவ்வொன்றையும் நிமிடக் கணக்கில் தீர்மானிக்கிறார். இன்று நடந்ததா? நம்ம எடிஷன் ஊரா? எத்தனை பேர்? பெரிய ஆள் யாராவது இருக்கிறாரா? படம் இருக்கிறதா? குடியாத்தத்தில் லாரி மோதி இருவர் காயம் என்றால் வேலூர் பக்கத்தில் மூன்று பத்தி அகலத்துக்கு இடம் கிடைக்கும், மதுரைப் பதிப்பில் ஒரு வரி கூட இருக்காது. 2021 நவம்பர் 19 அன்று பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து 9 பேர் இறந்தார்கள். அது மாவட்டம் தாண்டி, மாநிலம் தாண்டிப் போனது. எண்ணிக்கை பெரிதாகப் பெரிதாக தூரம் சுருங்கிவிடுகிறது.

இதையெல்லாம் 1965-இல் நார்வே ஆய்வாளர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து வரிசைப்படுத்தினார்கள். யோஹான் கால்டுங், மாரி ரூஜ். காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளை நான்கு நார்வே நாளிதழ்கள் எப்படி எழுதின என்று பார்த்து, ஒரு சம்பவத்தைச் செய்தியாக்கும் 12 காரணிகளைச் சொன்னார்கள். முழுப் பட்டியல் இங்கே வேண்டாம். அவர்கள் முதலாவதாக வைத்த காரணி ஒன்றே நமக்குப் போதும். ஒரு சம்பவம் நடந்து முடிய எடுக்கும் காலமும், பத்திரிகை வெளிவரும் இடைவெளியும் ஒத்துப்போக வேண்டும். நாளிதழுக்கு ஒரு நாள்தான் அளவு. வெடிப்பு ஒரு நொடியில் முடியும், அந்த நாளுக்குள் அடங்கும். கிணறு உப்பாவதற்கு இருபது வருடம் ஆகும். எந்தச் செவ்வாய்க்கிழமையில் அது 'நடந்தது' என்று நிருபர் எழுதுவார்?

என் கணிப்பில், பாலாற்றுக்கு நேர்ந்த மிகப் பெரிய அநியாயம் இங்கேதான் இருக்கிறது. யாரோ மிரட்டி, யாரோ மறைத்துத்தான் செய்தி வராமல் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். எங்காவது அதுவும் நடக்கலாம். ஆனால் யாரும் மிரட்டாத நாளிலும் அது வராது.

(காட்சி: மழைக்காலம். பாலாற்றில் வெள்ளை நுரை.)

இந்தப் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மழை பெய்து ஆற்றில் தண்ணீர் வந்தால், கழிவு கலந்து இப்படி நுரை பொங்கும். உடனே போட்டோ, உடனே செய்தி. வெயில் காலத்தில் நுரை இல்லை, செய்தியும் இல்லை. பச்சைத் தோல் கெடாமல் இருக்க அதில் உப்பு போடுகிறார்கள். தொழிற்சாலையில் ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு தண்ணீரோடு போய் ஆற்றிலும் கிணற்றிலும் சேர்கிறது. உப்புத் தண்ணீரை டம்ளரில் ஊற்றிப் படம் எடுத்துப் பாருங்கள். நல்ல தண்ணீர் மாதிரியேதான் இருக்கும்.

2015 ஜனவரி 31. ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நாடு முழுக்கச் செய்தி. அதற்கு முந்தைய நாளும் அந்தத் தொட்டி அங்கேதான் இருந்தது, அந்தச் சேறும் இருந்தது, அந்தப் பத்துப் பேரும் அதே இடத்தில்தான் படுத்திருந்தார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதில்லை.

சரி, மெதுவாக நடப்பது செய்தியாக வழியே இல்லையா? இருக்கிறது. தோல் கழிவு மாசை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை நாட்டின் சட்டமாக ஏற்ற தீர்ப்பு அது. தோல் தொழில் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழானது என்ற மதிப்பீடு அதில் பதிவானது. நிலம் கெட்டது பல வருடமாக. ஆனால் தீர்ப்புக்கு ஒரு தேதி இருந்தது, ஒரு எண் இருந்தது. செய்தி ஆனது. 2025 ஜனவரியில் பாலாறு பற்றி உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட்டபோதும் அப்படித்தான்.

இதைத்தான் ஊர்க்காரர்கள் கையில் எடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்வு நாள். நிருபர்கள் காலையிலேயே அங்கே இருப்பார்கள். "எங்கள் ஊரில் தண்ணீர் சரியில்லை" என்று வெறுங்கையோடு போனால் அவர்களால் எழுத முடியாது. முதலில் பரிசோதனைக் கூடத்தில் தண்ணீரைக் கொடுத்து அறிக்கை வாங்குங்கள். குடிநீரில் கரைந்த உப்புகளின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லை என்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். உங்கள் கிணறு அதைத் தாண்டினால் அந்த எண்தான் தலைப்பு.

அப்புறம், மூன்று தெரு, மூன்று கிணறு, மூன்று பாட்டில். பாட்டிலின் மேல் ஊர்ப் பெயரையும் தண்ணீர் எடுத்த தேதியையும் பெரிய எழுத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள், படத்தில் படிக்கிற மாதிரி. பக்கம் மூடும் நேரத்தில் போன் செய்யாதீர்கள், பதினொரு மணிக்குள் போய் நில்லுங்கள். வேகாத பருப்பு ஒரு கிண்ணத்தில் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள்.