ட்ருவா: உள்ளூரிலேயே கிடைத்த சம்பளம்

நண்பர்களே, வணக்கம்.

ஐபிஎல் பார்த்து வளர்ந்த நமக்கு ஃபிராஞ்சைஸ் அணி என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஏலம், முதலாளி, மஞ்சள் சட்டை, நள்ளிரவு வரை ஆட்டம். ஆனால் ஒரு நாடே ஃபிராஞ்சைஸ் அணியாக மாறி, வேறு நாட்டு கிளப்புகள் ஆடும் போட்டியில் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நாடு பிஜி. ஆட்டம் ரக்பி. போட்டியின் பெயர் சூப்பர் ரக்பி. அணியின் பெயர் ஃபிஜியன் ட்ருவா.

2023 மார்ச் 11. பிஜியின் மேற்குக் கரையில் உள்ள லௌடோகா நகரம், சர்ச்சில் பார்க் மைதானம். எதிரணி, நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சிலிருந்து வந்த குரூசேடர்ஸ். அதற்கு முந்தைய ஆறு ஆண்டுகளில் ஆண்டுக்கு ஒரு பட்டமாவது தவறாமல் வென்ற அணி அது. ஆட்டம் முடியும் தறுவாயில் குரூசேடர்ஸ் 24, ட்ருவா 22. ட்ருவாவுக்கு ஒரு பெனால்டி கிடைக்கிறது. உதை கம்பங்களுக்கு நடுவே போனால் மூன்று புள்ளி. கெமு வலெட்டினி உதைத்தார், போனது. 25-24. அந்தப் போட்டிக்குள் ட்ருவா நுழைந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது.

ரொம்ப உணர்ச்சிவசப்பட வேண்டாம். அதே குரூசேடர்ஸ் மூன்று மாதம் கழித்துக் காலிறுதியில், தங்கள் ஊரில் வைத்து, 49-8 என்று கணக்கைத் தீர்த்துவிட்டார்கள். ஆனால் என் பேச்சு யார் யாரை ஜெயித்தார்கள் என்பதைப் பற்றியது அல்ல. லௌடோகாவில் ஓடிய அந்த வீரர்கள் எங்கே சம்பளம் வாங்கினார்கள் என்பதைப் பற்றியது.

பிஜியின் மக்கள்தொகை சுமார் ஒன்பது லட்சம். நம் ஊர்க் கணக்கில் ஒரு நடுத்தர மாவட்டம்கூடத் தேறாது. இந்த நாடு வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கமே தங்கம்தான். 2016இல் ரியோவில், ஏழு பேர் ஆடும் ரக்பியின் இறுதி ஆட்டத்தில், பிரிட்டனை 43-7 என்று துவைத்து எடுத்தார்கள். நினைவுக்காக ஏழு டாலர் நோட்டே அச்சடித்தார்கள். டோக்கியோவில் மறுபடியும் தங்கம். ஆக, திறமைக்குக் குறைவில்லை. பதினைந்து பேர் ஆடும் பெரிய ரக்பியில்தான் சிக்கல். அதற்கு உடம்பை வருடக்கணக்கில் தயார் செய்ய வேண்டும், ஸ்க்ரம் போன்ற தள்ளுமுள்ளு நுணுக்கங்களை நாள்தோறும் பழக வேண்டும், வாராவாரம் பெரிய ஆட்டம் வேண்டும். இதற்கெல்லாம் முழுநேர வேலை வேண்டும், அந்த வேலை பிஜியில் இல்லை.

அதனால் பையன்கள் கிளம்பிப் போனார்கள். ஜோ ரொகோதோகோ பிஜியின் நாடி நகரில் பிறந்தவர். நியூசிலாந்துக்காக 68 சர்வதேச ஆட்டம் ஆடி, 46 முறை பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்து ட்ரை அடித்தார். சிதிவேனி சிவிவாட்டுவும் பிஜியில் பிறந்து நியூசிலாந்துக்கு ஆடியவர்தான். சமு கெரேவி, மரிகா கொரொய்பேட்டே ஆஸ்திரேலியாவுக்கு. பிரான்சின் கிளப்புகளில் பிஜிக்காரர்கள் இல்லாத அணியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிளெர்மான் கிளப் பிஜிக்கே வந்து நந்த்ரோங்கா பகுதியில் பயிற்சிக்கூடம் வைத்து ஆள் எடுத்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பையன் அனுப்பும் பணத்தில் ஒரு குடும்பமே நிமிர்ந்துவிடும் என்றால், போகாதே என்று யார் சொல்வது?

லௌடோகாவைச் சர்க்கரை நகரம் என்பார்கள். 1903இல் அங்கே பெரிய ஆலை ஓடத் தொடங்கியது. அதே ஆண்டுதான் சென்னை மாகாணத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்களைக் கப்பலேற்றவும் ஆரம்பித்தார்கள். பிஜி என்றதும் நமக்குக் கரும்புத் தோட்டம்தானே நினைவுக்கு வரும். அந்தக் கரும்பைக் காய்ச்சி எடுத்த பழுப்புச் சர்க்கரை ஆக்லாந்துக்குப் போகும். அங்கே, லௌடோகா ஆலையை நடத்திய அதே கம்பெனியின் சுத்திகரிப்பு ஆலையில் வெள்ளையாகி, நல்ல விலைக்கு விற்கும். ரக்பி வீரர்கள் விஷயத்திலும் நூறாண்டுக்குப் பிறகு அதுவேதான் நடந்தது. விளைந்தது இங்கே, மெருகும் விலையும் அங்கே.

நம் ஆட்கள் பேச்சு வந்துவிட்டதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிஜித் தமிழர்கள் 1926இல் நாடியில் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் இன்றும் பள்ளிக்கூடங்கள் நடத்துகிறது, ஆண்டுதோறும் விளையாட்டுப் போட்டியும் நடத்துகிறது. அந்தப் போட்டி கால்பந்து! இந்திய வம்சாவளிக்குக் கால்பந்து, பூர்வகுடிகளுக்கு ரக்பி என்று நெடுங்காலமாக ஒரு கோடு அங்கே உண்டு. ட்ருவாவின் வீரர்கள் இன்றும் பெரும்பாலும் பூர்வகுடியினர்தாம். சரி, விஷயத்துக்கு வருவோம்.

பிஜியை ஏன் முன்பே சேர்த்துக்கொள்ளவில்லை? இதில்தான் எனக்குக் கோபம் வரும். 1980களின் பிற்பகுதியில் நியூசிலாந்து, ஆஸ்திரேலிய மாகாண அணிகள் ஆடிய தென் பசிபிக் போட்டியில் பிஜி ஆடிக்கொண்டுதான் இருந்தது. 1995இல் ரக்பி காசுக்கு ஆடும் ஆட்டமாக மாறியது. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா மூன்றும் சேர்ந்து, ரூபர்ட் மர்டாக்கின் நிறுவனத்திடம் பத்து ஆண்டு ஒளிபரப்பு உரிமையை 55.5 கோடி அமெரிக்க டாலருக்கு விற்றன. 1996இல் சூப்பர் ரக்பி, சூப்பர் 12 என்ற பெயரில் தொடங்கியது. அதில் பிஜியும் இல்லை, சமோவாவும் இல்லை, தொங்காவும் இல்லை. ஒன்பது லட்சம் பேர் டிவி பார்த்து யாருக்கு என்ன வருமானம்? காரணம் அவ்வளவுதான், வேறு தத்துவம் கிடையாது. அதன் பிறகு 14 அணி, 15 அணி, 18 அணி என்று அந்தப் போட்டி வீங்கிக்கொண்டே போனது. 2016இல் அர்ஜென்டினாவிலிருந்து ஹகுவாரெஸ், ஜப்பானிலிருந்து சன்வுல்வ்ஸ் என்று தேசிய ஃபிராஞ்சைஸ்கள்கூட வந்தன. பக்கத்து வீட்டுப் பிஜி மட்டும் வாசலிலேயே நின்றது.

அந்த இரண்டு அணிகளின் கதையைப் பார்த்தால்தான் ட்ருவாவின் கதை புரியும். சன்வுல்வ்ஸ் முதல் சீசனில் ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம். ஜப்பானில் டொயோட்டா, சன்டோரி, பானசோனிக் என்று கம்பெனிகளே அணி வைத்திருக்கின்றன. வீரனுக்குச் சம்பளமும் விசுவாசமும் அங்கே. சொந்த ஆட்டங்கள் சிலவற்றையும் சிங்கப்பூரில் கொண்டுபோய் வைத்தார்கள். செலவை இனித் தாங்க முடியாது என்று ஜப்பான் ரக்பி சங்கம் கைவிரித்தது, 2020உடன் அணி முடிந்தது. ஹகுவாரெஸ் நேரெதிர். ஏறக்குறைய அர்ஜென்டினா தேசிய அணிதான் கிளப் சட்டை போட்டு ஆடியது. 2019இல் இறுதி ஆட்டம் வரை போய் குரூசேடர்ஸிடம் 19-3 என்று தோற்றார்கள். அடுத்த ஆண்டு கொரோனா வந்தது, எல்லைகள் மூடின, அணி கலைந்தது, வீரர்கள் ஐரோப்பாவுக்குச் சிதறினார்கள்.

கொரோனா ஹகுவாரெஸை முடித்தது என்றேன். பிஜிக்குக் கதவைத் திறந்ததும் அதுதான். தென்னாப்பிரிக்க அணிகள் ஐரோப்பியப் போட்டிக்குப் போய்விட்டன. மிச்சம் நியூசிலாந்தில் ஐந்து, ஆஸ்திரேலியாவில் ஐந்து. ஆள் தேவைப்பட்டது. 2021 ஏப்ரலில் நியூசிலாந்து ரக்பி சங்கம் இரண்டு புதிய அணிகளுக்கு நிபந்தனைகளோடு உரிமம் கொடுத்தது: ஒன்று ட்ருவா, இன்னொன்று சமோவா, தொங்கா போன்ற பசிபிக் தீவு வம்சாவளி வீரர்களின் மோவானா பசிபிகா. மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12 லட்சம் பவுண்டு உதவி என்று உலக ரக்பி அமைப்பும் முன்வந்தது. இதைக் கருணை என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காலியான நாற்காலிக்கு ஆள் தேடினார்கள், பிஜி தயாராக இருந்தது. தயாராக இருந்தது என்று சும்மா சொல்லவில்லை. 2017 முதலே ட்ருவா என்ற பெயரில் ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் போட்டியில் ஆடி, 2018இல் கோப்பையும் வாங்கியிருந்தார்கள்.

ட்ருவா என்பது பழைய பிஜியர்கள் கடலோடிய பெரிய இரட்டைத் தோணி. ஆனால் 2022இல் முதல் சீசன் தொடங்கியபோது அந்தத் தோணி பிஜியில் இல்லை, ஆஸ்திரேலியாவின் லெனாக்ஸ் ஹெட் என்ற கடற்கரை ஊரில் ஒதுங்கியிருந்தது. எல்லைக் கட்டுப்பாடுகள் காரணம். குடும்பத்தைப் பார்க்காமல் மாதக்கணக்கில் அங்கேயே இருந்து ஆடினார்கள். சிட்னியில் முதல் ஆட்டம், உள்ளூர் அணி வாராட்டாஸிடம் 40-10 தோல்வி. மார்ச் மாதம் மெல்போர்ன் ரெபல்ஸை 31-26 என்று வென்றது முதல் வெற்றி. ஏப்ரல் 30 அன்று ஒருவழியாகத் தலைநகர் சுவாவில் சொந்த மண்ணில் ஆட்டம், நியூசிலாந்தின் ஹைலாண்டர்ஸிடம் மூன்று புள்ளியில் தோல்வி. மே மாதம் லௌடோகாவில் இன்னொரு நியூசிலாந்து அணியான சீஃப்ஸிடம் 35-34, ஒரே புள்ளியில் தோல்வி. பதினான்கு ஆட்டத்தில் இரண்டு வெற்றி. பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடம்.

மறு ஆண்டு சொந்த ஊருக்கு வந்ததும் ஏழாம் இடம், காலிறுதி. பன்னிரண்டில் எட்டு அணி காலிறுதிக்குப் போகும் போட்டி அது, தாராள மனசுதான். இருந்தாலும் முன்னேற்றம் முன்னேற்றமே. லௌடோகாவின் ஈர வெயிலில் நியூசிலாந்து அணிகளுக்கு மூச்சு வாங்கும். 2024இலும் குரூசேடர்ஸ் அங்கே வந்து 20-10 என்று தோற்றுப் போனார்கள். வெளியூர் போனால் ட்ருவா வேறு அணி, ஜெயிப்பது அபூர்வம். இந்தக் குறை இன்னும் தீரவில்லை.

பெண்களைப் பற்றிப் பேசாமல் போனால் தப்பு. அதே 2022இல் ஃபிஜியானா ட்ருவா, ஆஸ்திரேலியாவின் பெண்கள் போட்டியான சூப்பர் டபிள்யூவில் சேர்ந்தது. சேர்ந்த ஆண்டே கோப்பை, மறு ஆண்டும் கோப்பை. ஆண்கள் இரண்டு வெற்றியோடு திணறிய அதே சீசனில்! அந்த ஆண்டு அக்டோபரில் பெண்கள் உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவை 21-17 என்று வென்றார்கள். பிஜிப் பெண்களுக்கு அது முதல் உலகக் கோப்பை.

ஆண்கள் தேசிய அணிக்குப் பலன் 2023இல் தெரிந்தது. ஆகஸ்டில் லண்டன் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்தை 30-22 என்று வென்றார்கள், வரலாற்றில் முதல்முறை. செப்டம்பரில் உலகக் கோப்பையில், செயிண்ட் எட்டியென் நகரில், ஆஸ்திரேலியாவை 22-15 என்று வென்றார்கள். 1954க்குப் பிறகு அதுதான் முதல் வெற்றி. அன்று ஆஸ்திரேலியச் சட்டையில் ஓடியவர்களில் கெரேவியும் கொரொய்பேட்டேயும் இருந்தார்கள். எதிரே பிஜிக்காகப் புள்ளிக்கு மேல் புள்ளியாக உதைத்தவர் சிமியோனே குருவோலி, ட்ருவா ஆள். அந்தத் தேசிய அணியில் ஏறக்குறையப் பாதிப் பேர் ட்ருவாவிலிருந்து வந்தவர்கள். முன்பெல்லாம் உலகக் கோப்பைக்குச் சில வாரங்கள் இருக்கும்போது பத்து நாடுகளிலிருந்து வந்து விமான நிலையத்தில் கை குலுக்கி அறிமுகமாகும் அணி அது. இப்போது பாதிப் பேர் ஆண்டு முழுக்க ஒன்றாகவே பயிற்சி செய்கிறார்கள். பிறகு போர்ச்சுகலிடம் ஒரு புள்ளியில் தோற்று நம் வயிற்றில் புளியைக் கரைத்தார்கள் என்பதும் உண்மை. காலிறுதி வரை போய், இங்கிலாந்திடம் 30-24 என்று விழுந்தார்கள். ட்ருவாவை வளர்த்த மிக் பர்னை அடுத்த ஆண்டே தேசிய அணிப் பயிற்சியாளர் ஆக்கினார்கள்.

இனிமேல் யாரும் வெளியே போக மாட்டார்களா என்று கேட்பீர்கள். போவார்கள். ட்ருவாவில் பெயர் வாங்கியவனுக்குப் பிரான்சில் இன்னும் நல்ல விலை. ஆனால் பதினெட்டு வயதில் தெரியாத ஊருக்கு ஓடுவது வேறு, இருபத்தைந்தில் ஒப்பந்தத்தைப் பேரம் பேசிவிட்டுப் போவது வேறு. அப்புறம் அந்தப் பையன் ஆஸ்திரேலியாவுக்கா பிஜிக்கா என்ற கேள்வியே எழாது. அவன்தான் ஏற்கெனவே பிஜிக்கு ஆடிவிட்டானே.

பயப்பட வேண்டிய இடமும் உண்டு. ட்ருவா முதன்முதலில் தோற்கடித்த மெல்போர்ன் ரெபல்ஸ் இன்று இல்லை. கடனில் மூழ்கி 2024உடன் மூடிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் இரண்டாவது பெரிய நகரத்துக்கே அந்தக் கதி என்றால், இன்னொருவர் கொடுத்த உரிமத்தில் ஆடும் சின்ன நாட்டுக்கு என்ன உத்தரவாதம்?

2026இல் பன்னிரண்டு நாடுகள் ஆடும் நேஷன்ஸ் சாம்பியன்ஷிப் என்ற புதிய போட்டியில் பிஜிக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். கைதட்டலாம்தான். ஆனால் அந்த ஜூலையில் வேல்ஸ், இங்கிலாந்து, ஸ்காட்லாந்துடன் பிஜியின் ‘சொந்த மண்’ ஆட்டங்கள் எங்கே என்று அறிவித்தார்கள் தெரியுமா? கார்டிஃப், லிவர்பூல், எடின்பரோ. டிக்கெட் வருமானம் அங்கேதான் என்பது கணக்கு. லௌடோகாவில் இருக்கும் ஒரு பள்ளிக்கூடப் பையனால் இங்கிலாந்து அணி தன் ஊருக்கு வந்து வியர்ப்பதைப் பார்க்க முடியாது. குரூசேடர்ஸ் வந்தால் பார்க்கலாம், சர்ச்சில் பார்க்குக்கு நடந்தே போய்விடலாம்.

நேரம் தாண்டிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். கேள்விகள் இருந்தால் கேளுங்கள். ஸ்க்ரம் பற்றி மட்டும் வேண்டாம், அதற்கு இன்னொரு மாலை வேண்டும்.