வலி மாத்திரையும் கஞ்சிப்பாசியும்

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கடலூர் முதுநகர் துறைமுகத்தில் நான் வழக்கமாக மீன் வாங்கும் அம்மாவின் சுருக்குப்பையில் சில்லறையோடு எப்போதும் ஒரு மாத்திரை அட்டை இருக்கும். கூடை சுமந்த இடுப்புக்கு விடிகாலையில் வெறும் வயிற்றில் ஒன்று, பிற்பகலில் இன்னொன்று. போன மாதம், நெஞ்சுக்குழி எரிகிறது என்றார். சிவப்புக் கடல்பாசியை அரைத்துக் குடித்தால் வயிற்றுப்புண் ஆறிவிடுமாமே, குடிக்கலாமா என்று கேட்டார். ஏலக் கூச்சலுக்கு நடுவே அரைகுறையாகச் சொன்ன பதிலை இங்கே முழுதாகச் சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் அந்த மாத்திரை. அடிபட்ட இடத்தில் வீக்கத்தையும் வலியையும் கிளப்புபவை புராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள். அதே குடும்பத்துப் பொருள்கள்தான் இரைப்பையின் உட்சுவரில் வழவழப்பான சளிப்படலத்தைச் சுரக்கச் செய்து, அமிலம் சதையை அரிக்காமல் காக்கின்றன. ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகள் இவை உருவாவதையே தடுக்கின்றன என்று 1971இல் ஜான் வேன் என்ற மருந்தியலாளர் காட்டினார். அதனால் இடுப்பு வலி அடங்கும்போதே இரைப்பையின் காவலும் குறைந்துவிடுகிறது. வயிற்றுப்புண்ணுக்கு இன்னொரு பெரிய காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. அதைக் கண்டறிந்த மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் கண்டுபிடிப்புக்கு முன்பெல்லாம் காரத்தையும் கவலையையும்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இனிப் பாசிக்கு வருவோம். நோன்பு நாட்களில் பரங்கிப்பேட்டை வீடுகளில் பாலும் சர்க்கரையும் சேர்த்து உறையவைக்கும் கடல்பாசி நமக்குப் புதிதல்ல. சைனா கிராஸ் என்று கடையில் வாங்குகிறோமே, அது சிவப்புப் பாசிகளிலிருந்து எடுத்த அகர். மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் விளையும் கஞ்சிப்பாசி அவற்றில் ஒன்று. இந்தப் பாசிகளின் உடலில் கந்தகம் ஏறிய சர்க்கரைச் சங்கிலிகள் நிறைய உண்டு. மருந்தியலாளர்கள் தேடுவது இவற்றைத்தான்.

கஞ்சிப்பாசியின் உறவான ஒரு பாசியிலிருந்து இந்தச் சங்கிலிகளைப் பிரித்தெடுத்த பிரேசில் ஆய்வாளர்கள், நாப்ராக்சன் என்ற வலி மருந்தை எலிகளுக்குக் கொடுத்துச் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். பாசிப்பொருளையும் சேர்த்து வாங்கிய எலிகளின் இரைப்பையிலும் குடலிலும் சேதம் குறைவாக இருந்தது. மீன்கார அம்மாவின் நெஞ்செரிச்சலுக்கு இதைவிட நெருக்கமான ஆராய்ச்சி வேறென்ன வேண்டும்? படித்த நாளில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால் மாணவியாக இருந்த காலத்தில் நானே எலியின் பாதத்தில் கராகீனன் என்ற பொருளை ஊசியால் ஏற்றியிருக்கிறேன். சில மணி நேரத்தில் பாதம் புசுபுசுவென்று வீங்கிவிடும். வீக்கத்தைக் குறைக்கும் மருந்துகளைச் சோதிக்க 1962 முதல் உலகமெங்கும் கையாளும் முறை அது. அந்தக் கராகீனனும் சிவப்புப் பாசியில் கிடைப்பதுதான்! ஒரு பாசி வீக்கத்தைத் தணிக்குமா என்று பார்க்க, இன்னொரு பாசியின் பொருளால் வீக்கத்தை உண்டாக்குகிறோம்.

பிரான்சில் நடந்ததையும் சொல்லவேண்டும். கராகீனனின் நீண்ட சங்கிலியைச் சிறு துண்டுகளாக உடைத்து, வயிற்றுப்புண்ணுக்கு மருந்தாகவே அங்கே கொடுத்திருக்கிறார்கள். 1969இல் வாட், மார்கஸ் என்ற இருவர் அப்படி உடைத்த பொருளைக் குடிநீரில் கலந்து கினிப்பன்றிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றின் பெருங்குடலில் புண் வந்தது. இரைப்பைப் புண்ணுக்கென்று கொடுத்த பொருள் குடலைப் புண்ணாக்கியது. எந்தப் பாசி, அதில் எந்தப் பொருள், எவ்வளவு நீளமான சங்கிலி, என்ன அளவு என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லாமல் “பாசி வயிற்றுக்கு நல்லது” என்று பொட்டலம் கட்டி விற்பவர்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது.

ஆகவே அந்த அம்மாவிடம் அரைத்துக் குடிக்க வேண்டாம் என்றேன். பாசி தான் வளரும் நீரிலுள்ள கன உலோகங்களையும் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எங்கே பறித்தது என்று தெரியாத பாசியை மருந்தாக உட்கொள்ளக் கூடாது. அதன் சர்க்கரைச் சங்கிலிகள் சிலவற்றுக்கு இரத்தம் உறைவதைத் தடுக்கும் குணமும் இருக்கிறது. புண்ணிலிருந்து இரத்தம் கசிபவருக்கு அது ஆபத்து. மலம் தார்போலக் கறுத்துப் போனாலோ, வாந்தி காப்பித்தூள் நிறத்தில் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பாக்டீரியாதான் காரணம் என்றால், பெரும்பாலும் இரண்டு வார மாத்திரைகளில் அதை ஒழித்துவிட முடியும். இடுப்பு வலிக்கு எந்த மாத்திரை, எத்தனை நாள் என்பதையும் மருத்துவரே சொல்லட்டும். மருந்துக்கடையில் நாமாகக் கேட்டு வாங்க வேண்டாம். பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து கடல்பாசி இனிப்புச் சாப்பிடலாமா என்றும் கேட்டார். தாராளமாகச் சாப்பிடுங்கள் என்றேன்.

எலியின் வயிற்றில் கண்ட பலன் மனிதர் வயிற்றிலும் கிடைக்குமா என்று முறையாகச் சோதித்தாக வேண்டும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, புதுவையில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில்தான் முதுநகர் மீன் ஏலம் நடக்கிறது. கூடை சுமந்து, வலை இழுத்து, வலி மாத்திரையால் வயிறு புண்ணானவர்களின் கரை இது. அந்தச் சோதனையை இங்கிருந்தே தொடங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வணக்கம்.