நுளம்பு கடித்த கையும் அரவிந்தவின் 107உம்

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். சபைக்கு வணக்கம். மணியோடு உட்கார்ந்திருக்கும் தம்பிக்கு மட்டும் இரண்டு வணக்கம், கொஞ்சம் பார்த்து அடியுங்கோ.

‘நாம் பார்த்ததிலேயே தலைசிறந்த துடுப்பாட்ட வீரர் யார்?’ இதுதான் இன்றைய கிரிக்கெட் பட்டிமன்றத் தலைப்பு. சச்சின் என்று ஒரு தம்பி பேசினார். லாரா என்று ஓர் ஆசிரியர் பேசினார். சங்கக்கார என்று தங்கச்சி பேசினார். மிஞ்சிக் கிடந்த அரவிந்த டி சில்வாவை என் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். நானே கேட்டு வாங்கினேன்.

சச்சின் தம்பி நூறு சதம், நூறு சதம் என்று மூச்சு வாங்காமல் சொன்னார். சரி, நூறும் சதம்தான், யார் இல்லை என்றது? லாரா சேர் ஒரே டெஸ்ட் இன்னிங்ஸில் எடுத்த அந்த 400ஐச் சொன்னார். அவர் சொல்லாமல் விட்ட ஒன்றை நான் சேர்த்துத் தருகிறேன். 2001இல் லாரா நம் நாட்டுக்கு வந்து மூன்று டெஸ்டில் 688 ஓட்டம் எடுத்தார். நம் சுழற்பந்து முரளி பந்து போடப் போட எடுத்தார். மூன்று டெஸ்டிலும் மேற்கிந்தியத் தீவுகள் தோற்றது. மனுஷன் அடித்து அடித்தே தோற்றார். பாவம். சேர், தண்ணீர் குடியுங்கோ.

இனித் தங்கச்சியிடம் வருகிறேன். அவர் என்ன சொன்னார்? ‘அரவிந்தவின் டெஸ்ட் சராசரி 42. சங்கக்காரவின் சராசரி 57. எது பெரிது என்று தெரியாத அண்ணைமார் கணக்கு ரியூசனுக்குப் போகட்டும்’ என்றார். மண்டபமே சிரித்தது. என் மனைவியும் சிரித்தார். வீட்டில் வைத்துப் பதில் சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது, அதனால் இங்கேயே சொல்லிவிட்டுப் போகிறேன்.

தங்கச்சி, கன்னியாவுக்குப் போயிருக்கிறீர்களா? ஏழு வெந்நீர்க் கிணறு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. ஒன்றில் ஆனந்தமாக ஊற்றலாம், இன்னொன்றில் ஊற்றினால் ‘ஐயோ அம்மா’ என்று துள்ள வேண்டும். ஏழையும் கூட்டி ஏழால் பிரித்து, அந்தச் சராசரிச் சூட்டில் குளித்தவர் இந்தத் திருகோணமலையில் யாராவது உண்டா? கையைத் தூக்குங்கோ பார்ப்போம். ஒருவரும் இல்லை. சராசரிக் கிணறு என்று ஒன்று அங்கே இல்லை தங்கச்சி. எந்தக் கிணற்றில், எந்த நேரத்தில் கை வைத்தீர்கள் என்பதுதான் கதை.

இலங்கை முதல் டெஸ்ட் ஆடியது 1982இல். அரவிந்த லோர்ட்ஸில் முதல் டெஸ்ட் ஆடியது 1984இல். மற்ற நாடுகள் நம்மை விருந்துக்கு வந்த சின்னப்பிள்ளை மாதிரிப் பார்த்த காலம். சங்கக்கார வந்தது 2000இல். அவர் பெட்டும் கையுமாக உள்ளே வரும்போது உலகக் கிண்ணம் அலுமாரிக்குள் இருந்தது. அதை அலுமாரிக்குள் வைத்தது யார்? அதற்கு மட்டும் தங்கச்சி பதில் சொல்லட்டும். சங்கக்கார ஆடிய உலகக் கிண்ண இறுதி இரண்டு. 2007இல் 54, 2011இல் 48. நல்ல ஆட்டம்தான், கிண்ணம் வரவில்லை. 2014இல் மிர்பூரில் ஆட்டமிழக்காமல் 52 எடுத்து இருபது ஓவர் கிண்ணத்தைக் கொண்டுவந்தாரே என்று தங்கச்சி கேட்டிருக்க வேண்டும். கேட்க மறந்துவிட்டார். எதிரணிக்கும் நானே பொயின்ற் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது, ஐயா.

சரி, 1996 உலகக் கிண்ணத்துக்கு வருவோம். அரையிறுதி கல்கத்தாவில், இந்தியாவோடு. ஸ்ரீநாத்தின் முதல் ஓவரிலேயே களுவிதாரணவும் போய்விட்டார், ஜயசூரியவும் போய்விட்டார். ஒரு ஓட்டத்துக்கு இரண்டு விக்கெட். ஈடன் கார்டன் முழுக்க ஊளையிடுகிறது. அரவிந்த வந்தார். 47 பந்தில் 66. அன்றைக்கு எங்கள் ஒழுங்கையில் பாதிப் பேர் இந்தியாவின் பக்கம். ஏன் என்று இந்தச் சபைக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் அந்தப் பாதிப் பேரும் ‘சாய், என்ன அடியடா இது’ என்றார்கள்.

அப்புறம் மார்ச் 17, லாகூர், இறுதி ஆட்டம். எதிரில் அவுஸ்திரேலியா, அதே தொடரில் கொழும்புக்கு வரமாட்டோம் என்று வராமல் விட்டவர்கள். அதுவரை நடந்த எல்லா உலகக் கிண்ண இறுதியிலும் முதலில் துடுப்பெடுத்தவர்கள்தான் வென்றிருந்தார்கள். நம் அணித்தலைவர் அர்ஜுன நாணயச் சுழற்சியில் வென்றுவிட்டு, நீங்கள் முதலில் ஆடுங்கள் என்றார். எங்கள் ஒழுங்கையில் அர்ஜுனவுக்கு விழுந்த திட்டை இந்த மேடையில் சொல்ல முடியாது.

உப்புவெளியில் அந்த ஒழுங்கைக்கு ஒழுங்காக வேலை செய்கிற ரிவி ஒன்றே ஒன்று. அன்ரனா ஓர் இரும்புப் பைப்பில், பைப் மதிலோடு கட்டியிருந்தது. கடற்காற்று அடித்தால் அன்ரனா திரும்பும், படம் போகும், புள்ளி புள்ளியாக மழை பெய்யும். யாராவது மதிலில் ஏறிப் பைப்பைப் பிடிக்க வேண்டும். யாரை ஏற்றுவார்கள்? மீசை முளைக்காத ஒருத்தனை. அது நான்தான்.

மேலே நான். உள்ளே ஐம்பது தலை. ‘இஞ்சால திருப்படா! இன்னும் கொஞ்சம்! ஆ, காணும் காணும், அசையாதை!’ வலது கை பைப்பில், இடது கை மாமரக் கிளையில், ஒரு கால் மதிலில், மற்றக் கால் எங்கே இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. 23க்கு இரண்டு விக்கெட். பிறகு அரவிந்தவும் குருசிங்கவும் சேர்ந்து கட்டினார்கள். பொழுது பட்டு இருட்டியிருந்தது. நுளம்பு வந்தது. திருகோணமலை நுளம்பைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? முழங்கையில் ஒன்று இருந்து ஆறுதலாகக் குடிக்கிறது. பொறுத்தேன், பொறுத்தேன், கிளையை விட்டுவிட்டுப் ‘பட்’ என்று ஒரு அடி.

குருசிங்க 65இல் போல்ட்.

பைப் அசைந்து படம் போய், படம் திரும்பி வரும்போது ஸ்டம்பும் போய்விட்டது. ஐம்பது தலையும் யன்னலுக்கு வந்தது. ‘ஆரடா அசைஞ்சது?’ அவுஸ்திரேலியாவின் போல் ரைஃபல் போட்ட பந்தை யாரும் பேசவில்லை. குருசிங்க விட்ட பிழையை யாரும் பேசவில்லை. நுளம்படித்த என் கையைத்தான் பேசினார்கள். வீட்டுக்காரப் பெரியவர் வெளியில் வந்து, ‘தம்பி, எப்படி நிக்கிறியோ அப்படியே நில். மெட்ச் முடியும் வரைக்கும் மூச்சும் விடாதை’ என்று உத்தரவு போட்டார்.

அதற்குப் பிறகு விக்கெட் விழவேயில்லை! அர்ஜுன ஆட்டமிழக்காமல் 47, அரவிந்த ஆட்டமிழக்காமல் 107. ரெக்கோட் புத்தகத்தில் எடுத்துப் பாருங்கள். அவர்களை ஆட்டமிழக்காமல் வைத்திருந்தது யார் என்று அதில் இருக்காது. நுளம்பு கடிக்கிறது, நான் அசையவில்லை, அரவிந்த நான்கு அடிக்கிறார். இன்னொரு நுளம்பு. அசையவில்லை. இன்னொரு நான்கு. அந்தச் சதத்துக்கு ஒரு துளி இரத்தமாவது கொடுத்தவன் இந்த மேடையில் நான் ஒருத்தன்தான் ஐயா.

இன்னும் கேளுங்கோ. மக்ராவின் பந்தை அர்ஜுன தேர்ட் மேன் பக்கம் தட்டிவிட்டு நான்கு எடுத்தார், வென்றுவிட்டோம். நான் சந்தோஷத்தில் பைப்பை விட்டுவிட்டேன். அவ்வளவுதான், படம் போய்விட்டது. பாகிஸ்தான் பிரதமர் பேனசீர் பூட்டோ கிண்ணம் கொடுத்ததை எங்கள் ஒழுங்கையில் ஒரு சனம் பார்க்கவில்லை!

‘அண்ணை, தலைப்பு நாம் பார்த்ததிலே. நீங்கள்தான் பார்க்கவேயில்லையே’ என்று தங்கச்சி எழும்பப் பார்க்கிறார். இருங்கோ தங்கச்சி, அங்கேதான் வருகிறேன்.

எனக்கு மட்டை பிடிக்கப் பழக்கியவர் என் மாமா. தென்னை மட்டையைச் சீவி, பிடிக்குச் சைக்கிள் ரியூப் சுற்றித் தந்தவர். மக்கெய்சர் மைதானத்தில் மெட்ச் என்றால் என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றிக்கொண்டு போனவர். இந்த ஊரில் இளம் பெடியன் ஒருத்தன் வீதியில் இறங்கப் பயந்த நாட்களில் சவூதிக்குப் போய்விட்டார், லொறி ஓட. இறுதி ஆட்டம் நடந்த அந்தக் கிழமை பக்கத்து வீட்டுப் போனுக்கு எடுத்தார். அம்மாவைக் கேட்கவில்லை, காசு வந்ததா என்று கேட்கவில்லை. ‘அரவிந்த எப்படியடா அடிச்சவன்?’ என்றார். ‘நான் பார்க்கேல்லை மாமா, மதில்ல நின்டனான்’ என்றேன். ‘நானும் பார்க்கேல்லையடா, ரோட்டில நின்டனான். கேட்டதைச் சொல்லு’ என்றார்.

சொன்னேன். உள்ளே கால் தட்டினால் நான்கு. ‘ஆ’ என்றால் ஒன்று. ‘ஐயோ’ என்றால் பந்து பெட்டில் படவில்லை. எல்லாரும் பேச்சில்லாமல் இருந்தால் அரவிந்த கிளவுஸைச் சரி செய்கிறார். ‘காசு போகுது மாமா’ என்றேன். ‘போகட்டும், நூறாவது ரன்னுக்கு என்ன சத்தம் கேட்டது?’ என்றார். வெடி கேட்கவில்லை. அந்த நாளில் வெடிச்சத்தம் கேட்டால் நாங்கள் கட்டிலுக்குக் கீழே போகிறவர்கள், யார் வெடி கொளுத்துவது? யாரோ சட்டி மூடியைத் தட்டினார்கள். அதைக் கேட்டு அடுத்த ஒழுங்கையில் சிங்கள ஆட்கள் தட்டினார்கள். அதற்கும் அங்கால் முஸ்லிம் வீட்டுப் பக்கமும் கேட்டது. சொல்லச் சொல்ல மறுபக்கத்தில் மாமா அழுகிற மாதிரி இருந்தது. லைன் சரியில்லையடா என்றார்.

எனக்குத் தெரிந்த அரவிந்த இவ்வளவுதான். இதற்கு என்ன சராசரி போடுவீர்கள் தங்கச்சி?

மணி கேட்டது தம்பி, முடிக்கிறேன். மாமா மூன்றாவது வரிசையில் இருக்கிறார், வெள்ளைச் சேட்டு. நடுவர் ஐயா, 42 பெரிதா 57 பெரிதா என்று என்னைக் கேட்காதீர்கள், அவரைக் கேளுங்கள். மாமா, கொஞ்சம் எழும்புங்கோ. முழங்கால் வருத்தம், மெல்லத்தான் எழும்புவார். அது வரைக்கும் அந்த மணியில் கை வைக்காதையடா தம்பி.